ஆர்க்காட்டு இளவரசரும் ஃபிரீமேசன் சகோதரத்துவமும்

கல்தச்சரின் கருவிகளையும் சடங்குகளையும் குறியீடுகளாக ஏற்று, உறுப்பினரிடையே நல்லொழுக்கத்தையும் நட்பையும் வளர்ப்பதை நோக்கமாகக் கொண்ட ஃபிரீமேசன் இயக்கம், 1717இல் லண்டனின் நான்கு லாட்ஜுகள், அதாவது உறுப்பினர் கூடும் கிளைச்சபைகள், ஒன்றிணைந்து தலைமைச்சபை அமைத்தபின் விரிவடைந்து, ஆங்கிலேயரோடு சென்னைக்கும் வந்தது. 1770களில் திருச்சிராப்பள்ளியில் ஆர்க்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமாரா இதில் சேர்க்கப்பட்டபோது, மகிழ்ந்த லண்டன் தலைமைச்சபை, கல்தச்சர் இடுப்பில் கட்டும் தோலாடையின் நினைவாக உறுப்பினர் அணியும் முன்னாடையொன்றை அழகுற அலங்கரித்து, விதிநூலுடன் அனுப்பியது. அவரும் பாரசீக மொழியில் நன்றி மடல் எழுதினார். இளவரசருக்குத் திறந்த கதவு மற்ற இந்தியருக்கு எளிதில் திறக்கவில்லை என்பதே இவ்வரலாற்றின் பெருங்குறை: கல்கத்தாவின் பிரசன்ன குமார் தத், இந்து என்பதால் எழுந்த எதிர்ப்பைப் பல ஆண்டுகள் எதிர்கொண்டு, 1872இல்தான் உறுப்பினரானார். இந்தியாவுக்கெனத் தனித் தலைமைச்சபை 1961இல் அமைந்தது.