கடல் கடக்கும் பெண்ணும் கணவன் கையொப்பமும்

கொழும்பு ஹெவ்லொக் டவுனில் வாழும் ஒரு குடும்பப் பெண், தன் வயதொத்த மாதர் பத்துப்பேருடன் சேர்ந்து ஒரு வாரம் பாங்கொக் சென்றுவரப் போவதாகச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கேட்பவர் வாயில் முதலில் எழும் வினா, "அங்கே என்ன பார்க்கப் போகிறாய்?" என்பதன்று, "அவர் வரவில்லையா?" என்பதே. அவ்வினாவிற் பகைமை இல்லை; பலவேளை பரிவுகூட உண்டு. ஆயினும் அதற்குப் பின்னால் நீண்ட சரித்திரம் ஒன்று நிற்கிறது. பெண்கள் மட்டுமே கூடி வெளிநாடு செல்லும் சுற்றுலாக்கள் தோன்றியுள்ள இந்நாளில் அச்சரித்திரத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது பயனுடையது.

நமது பழைய இலக்கணம் இதனை வழக்காகவே வகுத்து வைத்தது. கடல்வழிப் பிரிந்து செல்லும் ஆடவன் பெண்ணை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை எனத் தொல்காப்பியப் பொருளதிகாரம் கூறுகிறது. அவன் போவான், அவள் இருப்பாள். பிரிவு அவன் தொழில். காத்திருத்தல் அவள் கடமை. இலக்கண நூல் ஏட்டுக்குள் அடங்கிக் கிடந்தாலும், அது கண்ட வழக்கு வீட்டுக்குள் வாழ்ந்துகொண்டே இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்து இளைஞர் மலாயாவுக்குக் கப்பலேறினர். புகைவண்டிப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுதுவினைஞராய் அமர்ந்து ஊருக்குப் பணம் அனுப்பினர். ஹெவ்லொக் டவுனிலேயே ஒரு சான்று உண்டு. இன்று ஹெவ்லொக் சிட்டி அடுக்குமாடிகள் உயர்ந்து நிற்கும் நிலத்தில் முன்னர் வெள்ளவத்தை நூல் நூற்பு நெசவாலை இயங்கியது. 1933இல் பெரும் வேலைநிறுத்தம் கண்ட அந்த ஆலையின் தொழிலாளருட் பலர், குடும்பத்தை மலையாள நாட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களுடைய கூலியைப் பற்றிப் பேசினார்கள். சங்கத்தைப் பற்றிப் பேசினார்கள். "மனைவி வரவில்லையா?" என்பதை ஒரு குற்றச்சாட்டாக யாரும் கேட்டதில்லை.

அப்படியாயின் பெண்கள் கடல் கடக்கவே இல்லையா? கடந்தார்கள். 1914ஆம் ஆண்டு தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபின், கொழும்பிலே புகைவண்டி ஏறிய ஒரு குடும்பம் கடலைக் கடந்து சென்னைவரை தொடர்ந்து செல்ல வழி பிறந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, இராமேசுவரத்துக்கும் சிதம்பரத்துக்கும் செல்லும் யாத்திரிகர் அவ்வழியே போயினர். அவர்களுட் பெண்களும் இருந்தனர். தலயாத்திரைக்கு வீடு தடை சொல்வது அரிது. ஏனெனில் அந்தப் பயணத்தின் பலன் குடும்பத்துக்கு. நேர்த்தி கணவனுக்காக அல்லது பிள்ளைக்காக.

அரசும் வீட்டின் வழியையே பின்பற்றியது. மனைவியின் பெயரைக் கணவனுடைய பிரிட்டிஷ் கடவுச்சீட்டிலேயே சேர்த்துவிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அச்சீட்டைக்கொண்டு அவன் தனியே போகலாம். அவள் போக முடியாது. அத்தகைய காலத்திலேதான், 1931 ஜனவரியில், இலாகூரில் கூடிய அகில ஆசிய மாதர் மாநாட்டுக்கு இலங்கையிலிருந்தும் பிரதிநிதிகள் சென்றனர். அதே ஆண்டில் இலங்கைப் பெண்கள் சர்வஜன வாக்குரிமையின் கீழ் முதன்முறை வாக்களித்தனர். இவ்விரண்டும் ஓராண்டிலே நிகழ்ந்தன என்பதை மறத்தலாகாது. எல்லைக்கு அப்பால் உள்ள பெண்களோடு பேசத் தொடங்கியவர்களே எல்லைக்குள் தமது உரிமையையும் பேசினர். 1958 பெப்ரவரியில் ஆசிய ஆபிரிக்க மாதர் மாநாடு கொழும்பிலேயே கூடியது. இரு கண்டங்களின் பெண்கள் கடல் கடந்து வந்து, கல்வியையும் குடியுரிமையையும் உழைப்பையும் பற்றி ஆராய்ந்தனர்.

அம்மாநாடு முடிந்து மூன்று மாதங்களில், அதே கொழும்பில் வேறொரு பயணம் நடந்தது. 1958 மே மாத வன்செயலில் வீடிழந்த தமிழ்க் குடும்பங்கள் கப்பல்களில் ஏற்றப்பட்டு யாழ்ப்பாணம் அனுப்பப்பட்டன. 1983 யூலைக்குப் பின்னும் கப்பல்கள் காங்கேசன்துறை நோக்கிச் சென்றன. கணவன் எங்கே என்று தெரியாமலே பிள்ளைகளோடு கடல் கடந்த பெண்களை இத்தீவு கண்டது. அந்நாளில் அவர்களிடம் எவரும் அனுமதிச்சீட்டுக் கேட்கவில்லை. துயரத்துக்காகப் பெண் தனியே போகலாம் என்பதில் சமுதாயத்துக்கு மறுப்பே இல்லை போலும்!

உழைப்புக்காகவும் போகலாம். 1970களின் பிற்பகுதியிலிருந்து இலங்கைப் பெண்கள் வீட்டுப் பணிக்காக மத்திய கிழக்கு நாடுகளுக்குச் செல்லலாயினர். 1990களின் நடுப்பகுதியில் வெளிநாட்டு வேலைக்குச் சென்ற இலங்கையருள் நால்வருக்கு ஏறக்குறைய மூவர் பெண்கள். கணவனின்றி, பெண்களாகக் கூட்டங் கூட்டமாய் விமானம் ஏறிய முதற் பெருந்திரள் இவர்களே. இவர்கள் அனுப்பிய அந்நியச் செலாவணியை நாடு மகிழ்ந்து வாங்கியது. ஆனால் 2013இல் அரசு 'குடும்பப் பின்னணி அறிக்கை' என்ற ஒன்றைப் பெண் தொழிலாளரிடம் கேட்கத் தொடங்கியது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் தாய் வீட்டுப் பணிக்குப் போகலாகாது. மணமானவளாயின் கணவனின் இசைவும் வேண்டும். 2022இல் அந்த ஐந்து வயது எல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. குழந்தையின் தந்தை வெளிநாடு செல்ல இத்தகைய அறிக்கை எதுவும் கேட்கப்படவில்லை. குழந்தையின் நலனே நோக்கமாயின், தந்தையிடமும் அது கேட்கப்பட்டிருக்க வேண்டுமன்றோ?

மத யாத்திரையிலும் இந்தக் கட்டு மெல்லத் தளர்கிறது. 45 வயதுக்கு மேற்பட்ட பெண்கள், குறைந்தது நால்வராய்ச் சேர்ந்து, ஆண் துணையின்றி ஹஜ் செல்ல 2018இல் இந்திய அரசு வழிசெய்தது. 2021இல் சவூதி அரேபியாவும், பெண்கள் குழுவோடு வரும் பெண் ஆண் காப்பாளரின்றி ஹஜ்ஜுக்குப் பதியலாம் என அறிவித்தது. பெண்ணுக்குப் பெண்ணே துணையாகலாம் என்பதை இவ்விரு அரசுகளும் எழுத்தில் ஏற்றுக்கொண்டன.

இச்சரித்திரத்தைத் தொகுத்துப் பார்த்தால் உண்மை ஒன்று வெளிப்படும். கடவுளுக்காகவும் குடும்பத்துக்காகவும் பெண் போகலாம். கூலிக்காகப் போகலாம், கையொப்பம் மட்டும் வேண்டும். உயிருக்காக ஓடலாம். தன் கண்ணால் உலகைக் கண்டு தான் மகிழ்வதற்காகப் போவதாய்ச் சொன்னால் மட்டுமே விளக்கம் கேட்கப்படுகிறது. ஆகவே இங்கே வழக்கு கடலைப் பற்றியதன்று. தனியே போவதைப் பற்றியதுமன்று. பெண்ணின் நாட்களும் நாட்டமும் யாருக்கு உரியவை என்பதைப் பற்றியது.

சுற்றுலா பணமுள்ளவர் விளையாட்டுத்தானே என்று சிலர் ஒதுக்கக்கூடும். அதில் ஓரளவு உண்மையுண்டு. ஹெவ்லொக் டவுன் அம்மையார் பாங்கொக் சென்றுவரும் ஒரு வாரத்தில் அவ்வீட்டுச் சமையலையும் பிள்ளைகளையும் கவனிப்பவள் பெரும்பாலும் இன்னொரு பெண்ணே. அவளுக்கு விடுமுறை எப்போது? இவ்வினாவைத் தம் பயணப் பெட்டியோடு சேர்த்துக் கட்டிச் செல்லும் மாதர், வெறும் உல்லாசப் பிரயாணிகள் அல்லர். ஆனால் வறியவளுக்கு இல்லாத உரிமை மற்றவளுக்கும் வேண்டாம் என்பது நீதியாகாது. இருவருக்கும் வேண்டும் என்பதே நீதி. வேலைக்குப் போகிறவளின் விண்ணப்பத்திலிருந்து கணவன் கையொப்பம் நீங்கவேண்டும். பார்க்கப் போகிறவளின் காதிலிருந்து அந்தப் பழைய வினாவும் நீங்கவேண்டும். ஒன்று சட்டத்தின் வேலை. மற்றது நம் ஒவ்வொருவர் நாவின் வேலை.