கனடாவிலிருந்து வந்த பூட்டி

நமது ஊர்களில் நான்கு தலைமுறை கண்ட முதியவளைப் பூட்டி என்று அழைப்பர். அவள் வயிற்றில் வழிவந்தோர் மட்டுமன்றி அயல்வீட்டுக் குழந்தைகளும் அப்பெயராலேயே அழைத்துப் பழகுவர். இலங்கை மாதர் இயக்கத்துக்கும் அவ்வாறான பூட்டி ஒருவர் உண்டு. அவர் பிறந்தது யாழ்ப்பாணத்திலுமன்று, கொழும்பிலுமன்று. கனடா தேசத்து ஒன்ராறியோ மாகாணத்தில், எலோரா என்னும் சிற்றூரில். 1873ஆம் ஆண்டு பிறந்து 1962ஆம் ஆண்டு மறைந்த டாக்டர் மேரி இரத்தினம் அவர்களைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

பெண்ணொருத்தி வைத்தியம் கற்பதே புதுமையாயிருந்த காலத்தில் அவர் ரொறொன்ரோவில் அக்கல்வியை முடித்தார். யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு மருத்துவப் பணி புரியவென்று அமெரிக்க மிஷன் 1896ஆம் ஆண்டில் அவரை அனுப்பியது. வரும் வழியில், நியூயோர்க் நகரில், அமெரிக்காவிற் கல்வி பயின்ற யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரைச் சந்தித்தார். அவரே பின்னாளில் கல்வியாளராக விளங்கிய எஸ். சீ. கே. இரத்தினம். சந்திப்பு திருமணத்தில் முடிந்தது. சுதேசி ஒருவரை மணந்தவர் தங்களுக்கு வேண்டாம் என்று மிஷன் வட்டாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கருணையைப் போதிக்க வந்தோர் கருணைக்கு நிறம் பார்த்தனரே என்று இன்று நினைக்கும்போதும் மனம் நோகிறது.

இருபத்துமூன்று வயதுப் பெண், புதிய நாடு, கைவிட்ட மிஷன். திரும்பிப் போயிருந்தால் எவரும் குறை கூறியிரார். அவரோ கொழும்பிலே தங்கினார். லேடி ஹவ்லொக் பெண்கள் வைத்தியசாலையிற் சிறிது காலம் பணியாற்றியபின், தனியே வைத்தியம் செய்யலானார். ஆண் வைத்தியரிடம் தம் நோயைச் சொல்லக் கூசிய பெண்கள் அவரிடம் வாய்திறந்தனர். மருந்து கொடுத்து அனுப்பினால் மட்டும் போதாது, நோய் பிறக்கும் வீட்டுக்குள்ளேயே அறிவு புகவேண்டும் என்பது அவர் துணிபு. பாடசாலைகளுக்கென அவர் சுகாதார நூல்களும் மனையியல் நூல்களும் எழுதியது இதன்பொருட்டே.

சங்கங்களை அமைப்பதில் அவருக்கிருந்த ஊக்கம் வியக்கத்தக்கது. 1904இல் இலங்கை மாதர் சங்கம், 1909இல் தமிழ் மாதர் சங்கம், 1927இல் பெண்களின் வாக்குரிமைக்காக எழுந்த சங்கம் ஆகியவற்றிலெல்லாம் அவர் கையைக் காண்கிறோம். டொனமூர் ஆணைக்குழு வந்திருந்த வேளை அது. ஆணைக்குழுவின் முன்னர் சென்ற மாதர், தோட்டத்திற் கூலி வேலை செய்யும் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை கேட்கிறீர்களா என்று வினவப்பட்டனர். அவர்களும் பெண்களே என்று உடனே விடை பகர்ந்தார் அவர்களுள் ஒருவரான அக்னஸ் டி சில்வா அம்மையார். 1931இல் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது.

எனினும் அவர் செய்தவற்றுள் தலையாயது 1930இல் நிறுவிய லங்கா மகிளா சமிதியே என்பது என் கருத்து. அதன் வித்து கனடாவிலேயே கிடந்தது. ஒன்ராறியோவில் அடிலெயிட் ஹூட்லெஸ் என்னும் தாய் தன் ஆண் குழந்தையைப் பறிகொடுத்தாள். கெட்டுப்போன பாலே காரணமென்று அவள் நம்பினாள். ஏனைய தாய்மாரேனும் அறியாமையால் இழக்கக்கூடாது என்றெண்ணி அவள் உழைத்ததன் பயனாக, 1897இல் ஸ்ரோனி கிறீக் என்னுமிடத்திற் கமக்காரப் பெண்களுக்கான முதற் சங்கம் தோன்றியது. அம்முறையை மேரி அம்மையார் நம் கிராமங்களுக்கு இசையத் தந்தார். குழந்தை வளர்ப்பு, சத்துணவு, வீட்டுத்தோட்டம், நெசவு, தையல், எழுத்தறிவு ஆகியன சமிதிகளிற் கற்பிக்கப்பட்டன. அடுப்படியை விட்டு அதிகம் வெளிவராத பெண்கள் ஓரிடத்திற் கூடித் தலைவியைத் தாமே தெரிந்து கூட்டம் நடத்தினரென்றால், அது எத்துணைப் பெரிய மாறுதல்! சிங்களக் கிராமங்களிற் பரந்து வேரூன்றிய அவ்வியக்கத்தை நாட்டியவர் பெயரோடு தமிழ்ப் பெயரொன்று இணைந்திருந்ததையும் நேயர்கள் கவனிக்கவேண்டும்.

1937இல், அறுபத்துநான்காம் வயதில், பம்பலப்பிட்டித் தொகுதியிலிருந்து கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். அச்சபையில் அமர்ந்த முதற் பெண் அவரே. சட்ட நுணுக்கமொன்றினால் அவ்வாசனம் விரைவில் பறிபோயிற்று. அதே ஆண்டிற் குடும்பக் கட்டுப்பாட்டு நிலையமொன்றைத் தொடங்கினார். பலர் அதைப்பற்றிப் பேசவே நாணிய காலம் அது.

1958ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்நாட்டில் இனக்கலவரம் மூண்டு தமிழ் மக்கள் பலர் வீடிழந்தனர், உயிரிழந்தனர். அவ்வாண்டிலேயே மக்சேசே விருது முதன்முறையாக வழங்கப்பட்டது. விருது பெற்றோருள் ஒருவர் இந்தியாவின் விநோபா பாவே. பொதுச்சேவைக்கான விருதைப் பெற்றவர் எண்பத்தைந்து வயதான நம் மேரி அம்மையார். நான்கு ஆண்டுகளின் பின், தமது எண்பத்தொன்பதாம் பிராயத்தில் அவர் காலமானார். வேண்டாமென்று மிஷன் கைவிட்டபின் அவர் இந்நாட்டுக்கு உழைத்தது அறுபது ஆண்டுகளுக்கும் மேல்.