பழைய டெல்லியை நடந்தே பார்க்கலாமா... ஹெரிடேஜ் வாக் போறவங்களுக்கு ஒரு கைடு!

டெல்லி ட்ரிப்னா செங்கோட்டை முன்னாடி ஒரு செல்ஃபி... அவ்வளவுதானா? முகலாயப் பேரரசர் ஷாஜகான் உருவாக்கிய தலைநகரம் ஷாஜகானாபாத்தான் இன்றைய பழைய டெல்லி. காரில் போனா டிராஃபிக் மட்டும்தான் தெரியும். கைடோட நடந்து பாருங்க!

எங்கே நடக்கலாம்?

செங்கோட்டை எதிரே இருக்கும் சமணக் கோயிலில் தொடங்கி, ஃபதேபுரி மசூதி வரை. சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான். சிவன் கோயில், சர்ச், குருத்வாரா எல்லாமே இந்த சாந்தினி சௌக் தெருவிலேயே இருக்கு.

கைடு எதுக்கு?

1675-ல் சீக்கிய குரு தேக் பகதூர் கொல்லப்பட்ட இடம்தான் சீஸ் கஞ்ச் குருத்வாரா. அதை ஒட்டியிருக்கும் சுனேரி மசூதியில் இருந்துதான் 1739-ல் நாதிர் ஷா, தன் படைகள் நகர மக்களைக் கொன்று குவித்ததைப் பார்த்ததாகச் சொல்வாங்க. கடைக் கூட்டத்தில் இதெல்லாம் நம்ம கண்ணில் படாது. சொல்ல ஆள் வேணும்.

வேற மாதிரி வாக் வேணுமா?

புதுடெல்லி ரயில் நிலையம் பக்கம் 'சலாம் பாலக் டிரஸ்ட்' நடத்தும் வாக்கில், ஒருகாலத்தில் தெருவில் வாழ்ந்த பிள்ளைகளே வளர்ந்து கைடாக வர்றாங்க. அங்கே குழந்தைகளை போட்டோ எடுக்காதீங்க.

கிளம்பும் முன்...

* எவ்வளவு நேரம், எந்த மொழி, எத்தனை பேர்னு கேட்டு புக் பண்ணுங்க.
* குருத்வாராவில் தலையை மூடணும். துப்பட்டாவோ கர்ச்சீப்போ அவசியம்.
* திங்கள்கிழமை செங்கோட்டைக்கு லீவு!