விலகி நிற்க இடம்

பத்து வயதில் தருமபுரி ரயில்வே கேட்டில் நின்று கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணுவது எனக்கும் என் தோழர்களுக்கும் பெரிய விளையாட்டு. சிமெண்ட் மூட்டையோ நெல்லோ ஏற்றிய பெட்டிகள் போகும்போது கேட்காரர் எங்களைக் கண்டுகொள்ள மாட்டார். உருளை உருளையாக எண்ணெய் டேங்கர்கள் வரிசை கட்டி வந்துவிட்டால் மட்டும், "டேய், பெட்ரோல் வண்டிடா, தள்ளி நில்லுங்க!" என்று அதட்டுவார். நாங்களும் பயபக்தியோடு பத்தடி பின்வாங்கி, அங்கே நின்றபடி எண்ணிக்கையைத் தொடருவோம். பத்தடியில் என்ன பெரிய பாதுகாப்பு என்று கேட்கும் அறிவு அப்போது இல்லை. ஆனால் விலகி நிற்க முடிந்தது. அந்த முடிந்ததற்கு எவ்வளவு விலை உண்டு என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

எண்ணெயை வண்டியில் கொண்டுபோவதா, குழாயில் கொண்டுபோவதா? இது எஞ்சினியர்கள் பேச வேண்டிய விஷயம், கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று நேயர்கள் நினைக்கக்கூடும். இந்தக் கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டுச் சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரம் முழுவதும் மனிதர்களே நிற்கிறார்கள்.

1859-ல் அமெரிக்காவில், பென்ஸில்வேனியா மாகாணத்து டைட்டஸ்வில் என்ற ஊரில் டிரேக் என்பவர் துளை போட்டு எண்ணெய் எடுத்தார். எடுத்த எண்ணெயை மரப் பீப்பாய்களில் அடைத்து, குதிரை வண்டியில் ஏற்றி, சேற்றுப் பாதையில் ரயிலடிக்குக் கொண்டுபோனார்கள். வண்டிக்காரர்கள் வைத்ததுதான் கூலி. 1865-ல் வான் ஸைக்கல் என்ற வியாபாரி இரண்டு அங்குல இரும்புக் குழாயை ஏறக்குறைய ஐந்து மைல் தூரம் பதித்து, எண்ணெயை ரயிலடிக்கே தள்ளிவிட்டார். மறுகணமே கலகம் பிறந்தது. பிழைப்புப் போன வண்டிக்காரர்கள் குழாயைப் பெயர்த்துப் போட்டார்கள். அதைக் காக்க ஆயுதக் காவல் வேண்டியிருந்தது. ஆக, உலகில் குழாய் பிறந்த வருஷத்திலேயே குழாய்ச் சண்டையும் பிறந்துவிட்டது.

நம் நாட்டுக் கதை அஸ்ஸாமில் தொடங்குகிறது. திக்பாயில் 1889-லேயே எண்ணெய் கண்டார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1953-ல் நஹர்கட்டியாவில் பெரிய ஊற்று கிடைத்தது. அந்தக் கச்சா எண்ணெயைப் பீகாரிலுள்ள பரௌனி வரை 1,157 கிலோமீட்டர் தூரம் கொண்டுபோகக் குழாய் போட்டார்கள். 1964-ல் அது பரௌனியை எட்டியது. அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1962-ல், பார்லிமெண்டில் ஒரு சட்டம் நிறைவேறியது. நிலத்தை விலைக்கு வாங்காமலே அதன் அடியில் குழாய் பதிக்கும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்ள வழி செய்த சட்டம் அது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஜில்லாவுக்கு வரும்போது அது மறுபடியும் எதிரே வரும்.

நிபுணர்களைக் கேட்டால் குழாய்தான் பத்திரம் என்பார்கள். அவர்கள் கணக்கில் நியாயம் இருக்கிறது. ரயிலில் எண்ணெய் போவதென்றால் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், ஒவ்வொரு டேங்கரின் சக்கரமும் அச்சும் பிரேக்கும் சரியாக இருக்க வேண்டும், கீழே தண்டவாளம் விரிசல் விடாமல் இருக்க வேண்டும். அன்றியும், ஊர்களை இணைக்கத்தான் ரயிலே போட்டார்கள்; ஆகவே அது ஊர் நடுவே போயாக வேண்டும். 2013 ஜூலை 6-ந் தேதி நள்ளிரவுக்குப் பின் கனடாவில் லாக் மெகாண்டிக் என்ற சிற்றூரில் நடந்தது இதற்குச் சாட்சி. மேட்டுப் பாதையில் ஆளின்றி நிறுத்தியிருந்த வண்டி அது. எஞ்சினில் நெருப்புப் பிடிக்க, அதை அணைத்து எஞ்சினை நிறுத்தினார்கள். எஞ்சின் நின்றதும் காற்று பிரேக் மெல்ல மெல்லத் தளர்ந்தது. கைப் பிரேக்குகள் போதவில்லை. கச்சா எண்ணெய் நிரம்பிய 72 டேங்கர்கள் சரிவில் உருண்டு ஊருக்குள் பாய்ந்தன. 63 டேங்கர்கள் தடம்புரண்டன; 47 பேர் மாண்டார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2025 ஜூலை 13-ந் தேதி விடியற்காலையில் நம் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிய கூட்ஸ் வண்டி தடம்புரண்டு 18 டேங்கர்கள் எரிந்தன. கரும்புகை வானத்தை மூடியது. பக்கத்துக் குடியிருப்புகளில் இருந்தவர்களை அப்புறப்படுத்தினார்கள். உயிர்ச்சேதம் இல்லாமல் போனது நம் அதிர்ஷ்டம்.

குழாய்க்குச் சக்கரம் இல்லை, தடம்புரளாது. ஆனால் அதற்கு வேறு சுபாவம் உண்டு. வண்டி கவிழ்ந்தால் உலகத்துக்கே தெரியும். குழாய் கசிந்தால் யாருக்கும் தெரியாது. துரு அரிக்கலாம், மண்வெட்டும் இயந்திரம் தெரியாமல் இடித்துவிடலாம். 2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் தண்ணீரில் பெட்ரோலிய வாடை அடித்தது. மண்ணுக்குள் இருந்த எண்ணெய்க் குழாயில் கசிவு இருப்பது அப்புறந்தான் வெளிப்பட்டது. 2017 ஜூன் 30-ந் தேதி தஞ்சை ஜில்லா கதிராமங்கலத்தில் கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்து வயலில் எண்ணெய் தேங்க, ஊரே திரண்டு மறித்தது. 2014 ஜூன் 27-ந் தேதி ஆந்திரத்தில் நகரம் என்ற கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து இருபது பேருக்கு மேல் மாண்டார்கள்.

இரண்டையும் தராசில் போட்டால், டன்னுக்கும் மைலுக்கும் கணக்குப் பார்க்கும்போது, விபத்துகளின் எண்ணிக்கை குழாயில் குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தராசு எத்தனை விபத்து என்று நிறுக்கிறதே ஒழிய, அது யார் தலையில் விழுகிறது என்று நிறுப்பதில்லை. ரயிலின் ஆபத்து பாதையோரத்து ஊர்கள் அனைத்துக்கும் பொது. வண்டி கடந்ததும் அதுவும் கடந்துவிடும். குழாயின் ஆபத்து குறிப்பிட்ட சிலருடைய சர்வே நம்பரில் நிரந்தரமாகக் குடியேறிவிடுகிறது.

தருமபுரி விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கம் வந்தது கச்சா எண்ணெய்க் குழாய் அல்ல. கொச்சியிலிருந்து பெங்களூருக்கு எரிவாயு கொண்டுபோகும் 'கெயில்' நிறுவனத்தின் குழாய். தமிழ்நாட்டில் ஏழு ஜில்லாக்களில் 310 கிலோமீட்டர் போவதாகத் திட்டம். கோவையை அடுத்த இருகூரிலிருந்து பெங்களூருக்கு அருகே தேவனகொந்திக்குப் பெட்ரோலியப் பொருள்களைக் கொண்டுபோகும் பாரத் பெட்ரோலியத்தின் குழாய்த் திட்டத்துக்கும் நம் ஜில்லா வழியில் இருக்கிறது. எண்ணெயானாலும் வாயுவானாலும் சட்டம் அதே 1962-ம் வருஷத்துச் சட்டந்தான்.

அது சொல்வது இது: நிலம் உன்னுடையதே. ஆனால் குழாய் போகும் கீற்றில் வீடு கட்டாதே, கிணறு வெட்டாதே, மரம் நடாதே. நிலத்தின் சந்தை மதிப்பில் நூற்றுக்குப் பத்தும், நேர்ந்த சேதத்துக்கு ஈடும் பெற்றுக்கொள். 'கெயில்' குழாய்க்குக் கேட்ட கீற்று 20 மீட்டர் அகலம். அது ஒருவருடைய நிலத்தில் 200 மீட்டர் ஓடினால் 4,000 சதுர மீட்டர். ஏறக்குறைய ஓர் ஏக்கர். இரண்டு ஏக்கர் மானாவாரிக்காரனுக்கு அது பாதிச் சொத்து. கேழ்வரகு விதைக்கலாம், சாமை விதைக்கலாம். ஆனால் மழை பொய்த்த வருஷத்தில் இந்த ஜில்லாவில் குடும்பத்தைக் காப்பாற்றுவது மாவும் புளியும் தென்னையும் அல்லவா? அவற்றைத்தான் நடக்கூடாது.

வயலை விட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்றார்கள் விவசாயிகள். 2013-ல் மாநில சர்க்காரும் அப்படியே சொன்னது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றமும், 2016-ல் சுப்ரீம் கோர்ட்டும் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தன. 2022 ஏப்ரலில், நிலம் அளக்கும் வேலையை எதிர்த்துத் தருமபுரி ஜில்லாக் கிராமம் ஒன்றில் போராட்டம் நடந்தபோது, விவசாயி ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். எந்த விபத்துக் கணக்கிலும் அந்தச் சாவு சேராது. குழாய் வெடிக்கவில்லை, கசியவில்லை. அவர் நிலத்துக்கு அது இன்னும் வந்து சேரக்கூட இல்லை.

இந்த மண்ணுக்கு இரும்பு பகையல்ல. 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒரு குறுகிய ரயில் பாதை வந்தது. பஞ்ச காலத்தில் தானியம் வந்து சேரப் போட்ட பாதை அது. அதற்கும் யாரோ நிலம் கொடுத்துத்தான் இருப்பார்கள். ஆனால் வண்டி நின்றது. ஏறினார்கள், இறங்கினார்கள், மூட்டை வந்தது. 1941-ல் யுத்த காலத்தில் அந்தப் பாதையை மூடியபோது ஜனங்கள் வருந்தினார்களே தவிர மகிழவில்லை. கொடுத்தவனுக்கும் அதில் பங்கிருந்தது. குழாயோ ஒரு வயலில் நுழைந்து மறு வயலில் வெளியேறுகிறது. அது வேறு ஊருக்குப் போகிற சரக்கு.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாந்தோப்பில் பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். ரயிலைவிடக் குழாய் பத்திரம் என்கிறார்களே என்று நிபுணர் வாக்கை எடுத்துச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"இருக்கலாம் சார். ஆனா ரயில் வந்தா சத்தம் கேக்கும், ஒதுங்கி நிப்போம். இது காலுக்கு அடியிலே கிடக்கும். நான் எங்கே ஒதுங்கறது?"

கேட்காரரின் அதட்டல் எனக்கு நினைவு வந்தது. பெரியவருக்கு நான் பதில் சொல்லவில்லை. தோப்பு வரப்போடு அவர் கூட நடந்து வந்தேன். குழாய்க்காக அளந்து நட்ட கல்லருகே வந்ததும், அவர் பேச்சை நிறுத்திவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு போனார்.