சி.ஐ.டி. சங்கர்

1970-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்து வெளியிட்ட தமிழ்த் துப்பறியும் படம். இயக்கம் ஆர். சுந்தரம், நாயகன் ஜெய்சங்கர், இசை வேதா. சேலம் வட்டாரத்துக்குச் சென்னையை விடப் பக்கத்தில் இருந்த சினிமாக் கோட்டை ஏற்காடு சாலையில் டி. ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய இந்த ஸ்டுடியோதான். படப்பிடிப்புத் தளங்கள் சொந்தம், கலைஞர்களுக்கு மாதச் சம்பளம். சிக்கனமாகவும் விரைவாகவும் படம் எடுக்க இந்த ஏற்பாடு கைகொடுத்தது. ‘வல்லவன் ஒருவன்’ (1966) போன்ற படங்களின் வழியே ஜெய்சங்கருக்குத் ‘தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. வேதாவின் மெட்டுகள் பலவற்றில் இந்திப் பாடல்களின் சாயல் அப்பட்டமாகத் தெரியும்; ரசிகர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

படத்தின் உண்மையான லாபம் நாயகிக்குத்தான். அதுவரை நடனக் காட்சிகளிலும் சிறு வேடங்களிலும் வந்துபோன சேலத்துப் பெண் ஏ. சகுந்தலா, இதற்குப் பின் ‘சி.ஐ.டி. சகுந்தலா’ ஆனார். நாயகனுக்கு ஒட்டாத ‘சி.ஐ.டி.’ அடைமொழி அவருக்கு வந்தது! பிற்காலத்தில் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்த அவர், 2024-இல் பெங்களூரில் காலமானார். ஸ்டுடியோவில் இன்று எஞ்சியிருப்பது முகப்பு வளைவு மட்டுமே.