பக்கிங்காம் கால்வாய் மீட்பு: ஒரு பொறியியல் வரலாற்று நோக்கு

முன்னுரை

உப்பு விற்று நெல் ஏற்றித் திரும்பிய படகுகளைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அவ்வணிகத்தின் பிற்கால வடிவை 19, 20ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையில் காணலாம். மரக்காணத்து உப்பும் சவுக்கு விறகும் பக்கிங்காம் கால்வாய் வழியே சென்னைக்கு வந்தன. போக்குவரத்து ஒழிந்த இக்கால்வாயை மீண்டும் நீர்வழியாக்க வேண்டும் என்னும் எண்ணம் அரசின் திட்டமாகவும் வடிவெடுத்துள்ளது. அத்திட்டம் வேண்டும் பொறியியல் பணிகளைக் கால்வாயின் வரலாற்றோடு பொருத்தி நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

கால்வாயின் தோற்றமும் வளர்ச்சியும்

1806இல் பேசில் காக்ரேன் என்பவரால் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்ட உவர்நீர்க் கால்வாயே இதன் தொடக்கம். 1837இல் அரசு இதனை ஏற்றது. பின்னர்ப் பழவேற்காடு ஏரியைத் தழுவி வடக்கே நீண்ட கால்வாய் 1876இல் பெத்தகஞ்சத்தையும், தெற்கே நீண்டது 1882இல் மரக்காணத்தையும் எட்டின. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கி.மீ. பகுதி 1877–78இல் வெட்டப்பட்டது. அது தாது வருடப் பஞ்சக் காலம். பசித்தோர்க்குக் கூலி தரும் நிவாரணப் பணியாகவே இப்பகுதி உருவாயிற்று. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. மண் சுமந்தோர் பெயர் ஏதும் நிற்கவில்லை.

இருவகைக் கால்வாய்கள்

பாசனக் கால்வாய்க்குச் சரிவு வேண்டும். படகுக் கால்வாய்க்கு அமைதியான நீர்மட்டம் வேண்டும். கடக்வாசலா நீர்த்தேக்கத்திலிருந்து புனே நகரின் ஊடே செல்லும் முத்தா வலக்கரைக் கால்வாய் முதல்வகை. கோதாவரி, கிருஷ்ணை வடிநிலக் கால்வாய்கள் பாசனத்திற்கும் படகுக்கும் ஒருசேரப் பயன்பட்டவை. பக்கிங்காமோ கழிகளையும் உப்பங்கழி ஏரிகளையும் கோத்துக் கடலின் ஓதத்தால் நீர் பெற்ற கால்வாய். ஆறுகள் குறுக்கிடும் இடங்களில் வெள்ளமும் வண்டலும் புகாதவாறு 'லாக்' எனப்படும் இரட்டைக் கதவு அடைப்புகள் அமைக்கப்பட்டன. படகு உள்ளே வந்ததும் ஒரு கதவை மூடி, நீரைச் சமன்செய்து, மறுகதவைத் திறப்பது இதன் இயக்கம். சேப்பாக்கத்தை அடுத்த லாக் நகர் என்னும் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கிறது.

சிதைவும் மீட்பும்

1965–66, 1976 ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைப் பெரிதும் சிதைத்தன. சாலையும் இருப்புப்பாதையும் சரக்கை ஈர்த்துக்கொண்டன. 2008இல் காக்கிநாடா–புதுச்சேரி கால்வாய்த் தொடரும் கோதாவரி, கிருஷ்ணை ஆற்றுப் பகுதிகளும் சேர்ந்த 1,078 கி.மீ. நீளம் தேசிய நீர்வழி 4 என அறிவிக்கப்பட்டது. இதில் பெத்தகஞ்சம்–சென்னை 316 கி.மீ., சென்னை–மரக்காணம் 110 கி.மீ. ஆகும். எனினும் முதற்கட்டப் பணி கிருஷ்ணை ஆற்றில் முக்தியாலா–விஜயவாடா இடையே எடுத்துக்கொள்ளப்பட்டது. சென்னை நகரப் பகுதிக்குச் சரக்குப் படகு திரும்பவில்லை.

மீட்புப் பணிகள் நான்கு வகைப்படும். ஒன்று, தூர்வாரி ஆழமும் அகலமும் மீட்டல். இரண்டு, கரைகளை வலுப்படுத்தி அடைப்புகளைப் புதுப்பித்தல். மூன்று, தாழ்ந்த பாலங்களை உயர்த்தல். நான்கு, முகத்துவார மணற்றிட்டுகளை நீக்கி ஓதம் உட்புக வழிசெய்தல். இவற்றுள் முதலாவது எளிதெனத் தோன்றினும் நகரப் பகுதியில் அதுவே அரிது. கழிவுநீர் கலப்பது நிற்காதவரை, வாரிய இடம் மீண்டும் தூர்ந்துவிடும்.

மேலும் ஒரு தடை உண்டு. 1995 முதல் கட்டங்கட்டமாகத் திறக்கப்பட்ட பறக்கும் தொடர்வண்டித் தடத்தின் தூண்கள் பல இடங்களில் கால்வாய்ப் படுகையிலேயே ஊன்றப்பட்டுள்ளன. திருமயிலை முதலிய நிலையங்கள் கால்வாயை ஒட்டியும் அதன்மேலும் எழுந்துள்ளன. மண்ணை அகற்றலாம், ஓடும் தொடர்வண்டியின் தூணை அகற்ற இயலாது.

ஸ்காட்லாந்தில் 1960களில் மூடப்பட்ட இரு கால்வாய்கள் 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டன. அங்குப் பழைய 11 அடைப்புகளை மீளக் கட்டாமல் ஃபால்கிர்க் சக்கரம் என்னும் சுழலும் படகுத்தூக்கி அமைக்கப்பட்டது. பழைய வடிவத்தை மீட்பதைவிடப் பழைய பயனை மீட்பதே அங்குக் குறிக்கோளாயிற்று.

முடிவுரை

இவ்வேறுபாடு பக்கிங்காமுக்கும் பொருந்தும். நகருக்கு வெளியே வடக்கிலும் தெற்கிலும் படகுப் போக்கை மீட்க இடமுண்டு. நகருக்குள் கால்வாயின் முதற்பயன் இன்று வெள்ள வடிகாலே. அதனைத் தூய்மையாகக் காப்பதும் மீட்பின் ஒரு பகுதியே எனக் கொள்ளல் வேண்டும். கரையோரத்து எளிய குடிகளை ஆக்கிரமிப்பாளர் என அப்புறப்படுத்திவிட்டு, படுகையில் நிற்கும் அரசுத் தூண்களைப் பேசாது விடும் திட்டம் முழுமையான மீட்பாகாது. பஞ்சத்தில் வாடியோர் வெட்டிய கால்வாயின் வரலாறு நமக்கு உணர்த்தும் நீதி இதுவே.