தைப்பூசத்து விண்மீன்

பூசம் என்பது ஒரு நட்சத்திரத்தின் பெயர் என்பதைப் பக்தப் பெருமக்கள் அனைவரும் அறிவர். எனினும், ஆண்டுதோறும் காவடி ஏந்தும் அன்பர்களிடம், "அந்தப் பூசம் வானில் எங்கே உள்ளது?" என்று வினவினால் பெரும்பாலோர் விழிக்கின்றனர். அடியேனும் நெடுங்காலம் அவ்வாறே விழித்தவன்தான்.

நிலவு விண்மீன்களினூடே ஒருமுறை சுற்றிவர 27 நாட்களும் சில மணி நேரமும் ஆகின்றன. ஆதலின் நம் முன்னோர் அதன் பாதையை 27 நட்சத்திரங்களாகப் பகுத்தனர். நிறைமதி எந்த மீனை அணைந்து நின்றதோ, அதன் பெயரையே மாதத்திற்கும் சூட்டினர். சித்திரையும் கார்த்திகையும் வெளிப்படை. மகத்தினின்று மாசியும், விசாகத்தினின்று வைகாசியும் தோன்றின. பூசத்திற்கு வடமொழியில் திஷ்யம் என்ற பெயரும் உண்டு. 'தை' அதன் வழிவந்த சொல்லே என்பர் மொழியறிஞர். அங்ஙனமாயின், தைப்பூசம் என்னும்போது ஒரே விண்மீனை இருமுறை அழைக்கின்றோம்!

இந்நாளின் பெருமை மிகப் பழையது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகப் பேரரசர், ஒடிசாவின் தௌலியில் பொறித்த தம் ஆணையைத் திஷ்ய நாளில் மக்களுக்கு வாசித்துக் காட்டுமாறு பணித்தார். கி.பி. ஏழாம் நூற்றாண்டில் மயிலையில் திருஞானசம்பந்தர் அருளிய பூம்பாவைத் திருப்பதிகத்திலும் தைப்பூச விழா இடம்பெற்றுள்ளது. கார்த்திகை, ஆதிரை, பங்குனி உத்திரம் ஆகிய விண்மீன் விழாக்களும் அப்பதிகத்திலேயே வருகின்றன.

இனி, பூசத்தைக் காணும் முறை. விழா இரவில் முழுநிலவே அதன் இருப்பிடத்தைச் சுட்டும். ஆயினும் அந்நிலவொளியே பூசத்தை மறைத்தும்விடும். ஆகவே ஐந்தாறு நாட்கள் பொறுத்திருந்து, நிலவு எழுமுன், இரவு பத்து மணியளவில் கீழ்வானை நோக்குக. புனர்பூசம், பூசம், ஆயில்யம், மகம் என்று நாம் மனப்பாடமாய் ஒப்பிக்கும் வரிசையே இங்கு வழிகாட்டி. மேலே அருகருகே ஒளிரும் இரு மீன்கள் புனர்பூசம். கீழே தனித்து ஒளிரும் மீன் மகம். இரண்டிற்கும் ஏறத்தாழ நடுவில், பஞ்சுத்துணுக்குப் போல் மங்கலாய்த் தெரிவதை அடுத்திருப்பதே பூசம். அத்துணுக்கைப் பண்டைய கிரேக்க அறிஞர் தாலமி மேகம் போன்றது என எழுதினார். கலிலியோ தொலைநோக்கியால் ஆராய்ந்து, அது நாற்பதுக்கும் மேற்பட்ட சிறுமீன்களின் திரள் என 1610இல் வெளியிட்டார்.

தோட்டத்து லயத்து வாசலில் நின்றபடியே எங்கள் பாட்டனார் கார்த்திகை அறுமீனைக் காட்டுவார். அன்று வானம் அத்துணை இருண்டிருந்தது. இன்றைய நகர வெளிச்சத்தில் பூசத்தைக் காணப் பைனாகுலர் வேண்டும். நம் ஆலயத்து அலங்கார விளக்குகளுக்கும் இதில் பங்குண்டு என்பதைத் தயக்கத்துடன் கூறுகின்றேன். விழா முடிந்த ஆறாம் நாள் இரவில் அவற்றை அரைமணி நேரம் அணைத்து, சமயவகுப்புப் பிள்ளைகளை வெளித்திடலுக்கு அழைத்துச் செல்ல நிர்வாகத்தினர் இசைவரேல், உடன்வர அடியேன் காத்திருக்கின்றேன்.